கடல் கடந்து வந்த பல்கலைக் கழகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் டெலானிபூரில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே பல்கலைக் கழகத்தின் வளர்ச்சி என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். எந்தப் பல்கலைக் கழகம் என்று அவர்கள் குறிக்கவில்லை; குறிக்க வேண்டிய தேவையும் இல்லை. இத்தீவுகளிலே பட்டம் பெற்றோர் வீட்டுச் சுவரைப் பார்த்தாலே போதும். கண்ணாடிச் சட்டத்திற்குள் இருக்கும் சான்றிதழின் தலைப்பிலே புதுவைப் பல்கலைக் கழகத்தின் பெயரைக் காணலாம். சற்று மூத்தவர்கள் வீட்டிலோ பஞ்சாப் பல்கலைக் கழகத்தின் பெயர் காணப்படும். டெலானிபூரில் வாழும் தமிழர் ஒருவர் சண்டிகரிலிருந்து பட்டம் பெற்றது எவ்வாறு என்று விருந்தினர் வியந்து கேட்பதுண்டு. அந்த வியப்பிலிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

நம் தீவுகளின் முதற் கல்லூரியாகிய ஜவகர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம் 1967ஆம் ஆண்டிலே தோன்றியது. அதற்கு முன் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ கப்பல் ஏறுவது. மற்றொன்று, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலை தேடுவது. முதல் வழிக்குப் பணம் வேண்டும். பெண் பிள்ளையாயின் பெற்றோருக்கு நெஞ்சுரமும் வேண்டும். ஆகவே பெரும்பாலார் இரண்டாம் வழியையே பற்றினர். கல்லூரி வந்தபின் மூன்றாம் வழி ஒன்று திறந்தது. ஆனால் கல்லூரி இங்கே இருந்ததேயன்றி, அதற்குரிய பல்கலைக் கழகம் இங்கே இல்லை. தொடக்க காலத்தில் அது பஞ்சாப் பல்கலைக் கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இமயத்தின் அடிவாரத்திலே வகுத்த பாடத் திட்டத்தை வங்கக் கடலின் நடுவிலே இருந்து படித்தார்கள் நம் மூத்தோர்கள். படித்துத் தேறவும் செய்தார்கள். அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்நிலையிலேதான் 1985ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிப் புதுவைப் பல்கலைக் கழகத்தை நிறுவியது. பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்த மத்தியப் பல்கலைக் கழகம் அது. புதுச்சேரிக்கு மட்டும் அன்றி, அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் லட்சத் தீவுகளுக்கும் அதன் எல்லை விரியும் என்று வகுத்தார்கள். ஒரு பல்கலைக் கழகத்தின் எல்லை வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஒருங்கே பரந்து கிடப்பது வேறெங்கும் எளிதில் காண முடியாத காட்சியாகும். லட்சத் தீவுகளின் கல்லூரிகள் நெடுங்காலம் கோழிக்கோட்டுப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்து, 2021ஆம் ஆண்டிலிருந்தே புதுவையின் பக்கம் வந்தன. நாமோ அவர்களுக்கு மிக முன்னதாகவே வந்துவிட்டோம். அவ்வகையில் அண்ணன் முறை நமக்கே உரியது!

புதுச்சேரியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே காலாப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்கே கடலைப் பார்த்தவாறு ஏறக்குறைய 800 ஏக்கர் நிலப்பரப்பிலே பல்கலைக் கழகம் அமைந்திருக்கிறது. அதன் முதல் துணைவேந்தராக விளங்கியவர் கல்வியாளர் கி. வேங்கடசுப்பிரமணியன். அவருக்குப் பின் வந்தவர்களுள் தாவரவியல் அறிஞர் ஞானம், நிலவியல் அறிஞர் தரீன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 2007 முதல் 2013 வரை துணைவேந்தராயிருந்த தரீன் அவர்களின் காலத்திலே புதிய துறைகளும் புதிய கட்டடங்களும் விரைந்து எழுந்தன.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. நம் நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றின் இலச்சினையிலே வடமொழித் தொடர் ஒன்று இருக்கும். புதுவைப் பல்கலைக் கழகத்தின் இலச்சினையிலோ பிரெஞ்சு மொழித் தொடர் உள்ளது. 'ஒளியை நோக்கி' என்பது அதன் பொருள். 1954ஆம் ஆண்டு வரையில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட நிலம் அன்றோ! ஆனால் உள்ளே சென்றால் தமிழின் மணம் வீசுகிறது. நூலகத்திற்கு, துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரை இட்டிருக்கிறார்கள். தமிழ்ப் புலத்திற்குச் சுப்பிரமணிய பாரதியின் பெயர். 1908 முதல் 1918 வரை அவர் அடைக்கலம் புகுந்திருந்த ஊர் புதுச்சேரி. கணிதப் புலத்திற்கு இராமானுசனின் பெயர். சூழலியலுக்குப் பறவை அறிஞர் சலீம் அலியின் பெயர். பெயர் வைப்பது எளிது என்று சிலர் சொல்லலாம். எளிதுதான், ஆயினும் நாள்தோறும் அவ்வாயிலைக் கடந்து செல்லும் இளைஞன் ஒருவன், 'இவர் யார்?' என்று ஒருமுறையேனும் கேட்பான். பெயர் வைத்ததன் பயன் அதுவே.

ஒரு சில துறைகளோடு தொடங்கிய அக்கழகத்திலே இன்று உயிர்த் தகவலியல், மீநுண் தொழில் நுட்பம், பசுமை ஆற்றல், நிலவியல், சூழலியல் என்று, நாங்கள் படித்த காலத்திலே பெயர்கூடக் கேள்விப்படாத கலைகள் எல்லாம் கற்பிக்கப்படுகின்றன. காரைக்காலில் ஒரு கிளை, மாகியில் ஒரு கிளை, நம் தீவில் ஒரு கிளை என்று அது பரந்துள்ளது. 2022ஆம் ஆண்டு தொடங்கி, மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. அத்தேர்வைத் தமிழ் உள்ளிட்ட பதின்மூன்று மொழிகளில் எழுதலாம் என்பதை இங்குள்ள பெற்றோர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அண்மையில் நான்காண்டு இளநிலைப் பட்டமும் வந்திருக்கிறது. இவற்றை எல்லாம் விரித்துச் சொல்ல நேரம் இல்லை. விளக்க நூலிலே எல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள்.

அன்பர்களே! வளர்ச்சி என்பது எது? சாதனை என்பது எது? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் மேலே செல்வது முறையன்று. ஆண்டுதோறும் பல்கலைக் கழகங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிடுகிறார்கள். ஓராண்டு ஏறும், மறு ஆண்டு இறங்கும். ஏறிய ஆண்டில் பதாகை கட்டுவார்கள். இறங்கிய ஆண்டில் பேசாதிருப்பார்கள். அப்பட்டியலை வைத்து ஒரு கழகத்தை அளப்பது, அலையை வைத்துக் கடலை அளப்பது போன்றது என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்றும் நடந்தது. 2020ஆம் ஆண்டு, கொரோனா நோய் உலகையே நடுங்கச் செய்த நாட்களிலே, ஒரு செய்தி கைப்பேசிகளின் வழியாகக் காட்டுத் தீப்போல் பரவியது. புதுவைப் பல்கலைக் கழக மாணவர் ஒருவர் மிளகும் தேனும் இஞ்சியும் கொண்டு அந்நோய்க்கு மருந்து கண்டுவிட்டார் என்றும், உலக நலவாழ்வு நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது என்றும் அச்செய்தி கூறியது. எத்தனை மகிழ்ச்சியோடு நாம் அதனை ஒருவருக்கொருவர் அனுப்பினோம்! நானும் அனுப்பினேன், ஒளிப்பானேன்? ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பல்கலைக் கழகமே மறுத்துச் சொல்ல நேர்ந்தது. அங்கே அப்படிப்பட்ட கண்டுபிடிப்பும் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் எதையும் ஏற்கவும் இல்லை. நம் பிள்ளைகள் பெருஞ்செயல் செய்ய வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கிறது. அந்த ஆசை நல்லதே. ஆயினும் ஆசை கண்ணை மறைத்தபோது மிளகு ரசம் உலகை வென்றுவிட்டது! மெய்யான சாதனைகள் அவ்வளவு விரைவாகப் பரவுவதில்லை. அவை நம் வீட்டின் அருகிலேயே நடந்துகொண்டிருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

நம் வீட்டின் அருகில் என்று நான் சொன்னது அணியாகச் சொன்னதன்று. நாம் இப்போது கூடியிருக்கும் டெலானிபூரிலே சமுத்திரிகா என்னும் கடற்படை அருங்காட்சியகம் உள்ளது. சிப்பியையும் பவளத்தையும் பார்க்க வெளியூரார் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் நகரின் மறுபுறத்திலே புரூக்ஷாபாத்தில், அச்சிப்பியும் பவளமும் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு வாழ்கின்றன, ஏன் மடிகின்றன என்று ஆராயும் பல்கலைக் கழகத் துறை ஒன்று இருப்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அதுவே கடலாய்வு மற்றும் கடல் உயிரியல் துறை. பாரதத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து முதுகலைப் பட்டத்திற்குப் படிக்கிறார்கள், ஆராய்ச்சியும் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் 'மெயின்லேண்டு' போக வேண்டும் என்று நாம் துடிக்கிறோம். மெயின்லேண்டுப் பிள்ளைகளோ நம் தீவைத் தேடி வந்து படிக்கிறார்கள்! பல்கலைக் கழகம் கடல் கடந்து வந்தது என்று நான் தலைப்பிட்டதற்குக் காரணம் இதுவே.

அவர்கள் படிப்பது எத்தகைய பாடம் என்பதைச் சற்றே விளக்குகிறேன். பவளம் என்பது கல் அன்று, உயிர். அதன் உடலுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசி குடியிருக்கிறது. கதிரவன் ஒளியைக் கொண்டு அப்பாசி உணவு ஆக்குகிறது. அவ்வுணவில் பெரும் பங்கைப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளத்தின் நிறம் பாசி தந்த நிறமே. கடல் நீரின் வெப்பம் வழக்கத்திற்கு மேல் ஒன்றிரண்டு பாகை உயர்ந்து சில வாரங்கள் அவ்வாறே நின்றுவிட்டால், பவளம் தன் குடியிருப்பாளனை வெளியேற்றிவிடுகிறது. அப்போது அது வெளிறிப் போகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடி புகும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் சாகும். நம் அந்தமான் கடலிலே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளிறல் நேர்ந்தது. 2010ஆம் ஆண்டின் கோடையிலே நேர்ந்தது மிகக் கடுமையானது. வண்டூரிலும் வடக்கு விரிகுடாவிலும் படகின் அடிக் கண்ணாடி வழியே வண்ணங்களைக் காட்டிப் பிழைப்போருக்கு அது வாழ்க்கைக் கேள்வி. பவளத் திட்டிலே வளரும் மீனை நம்பி வலை வீசுவோருக்கு அது சோற்றுக் கேள்வி. இந்நகரிலே உள்ள விலங்கியல் அளவைத் துறையும், மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இவ்வாராய்ச்சியிலே ஈடுபட்டுள்ளன. அவற்றின் நடுவிலே பல்கலைக் கழகத்திற்கு உரிய தனிச் சிறப்பு யாதெனில், அங்கே ஆராய்ச்சியோடு மாணவர்களும் உருவாகிறார்கள் என்பதே. ஆராய்ச்சியாளர் ஓய்வு பெற்றபின் அவர் அறிவு எங்கே போகும்? மாணவரிடம் போக வேண்டும். மாணவர் இல்லாத ஆராய்ச்சி நிலையம் பிள்ளையில்லாத வீடு.

இனி நான் சொல்லப்போவது, நம்முள் பலர் நினைக்க விரும்பாத ஒரு நாளைப் பற்றியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. சுமாத்திராவின் மேற்குக் கரையிலிருந்து வட அந்தமான் வரையில் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடி நிலம் பிளந்தது. அதன் விளைவாக நம் தீவுக் கூட்டமே ஒரு தராசுத் தட்டுப்போல் சாய்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையிலே நிலம் உயர்ந்தது. நீருக்குள் இருந்த பவளத் திட்டுகள் வெளியே வந்து வெயிலில் காய்ந்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்து, கரையிலே நின்ற கலங்கரை விளக்கம் நீருக்குள் நின்றது. நம் நகர்ப் பகுதியும் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வழியே போகிறவர்கள் நாள்தோறும் அதனைக் காண்கிறார்கள். நெல் விளைந்த வயல்களிலே உப்பு நீர் புகுந்தது. அலை திரும்பியது, ஆனால் நீர் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று உழவர்கள் திகைத்தார்கள். கடல் ஏறவில்லை, நிலமே இறங்கிவிட்டது என்பதை நிலவியல் அறிந்தோர் விளக்கிய பின்னரே அத்திகைப்பு நீங்கியது. திகைப்பு நீங்கினாலும் துயரம் நீங்கவில்லை என்பது வேறு.

இத்தீவுகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று மாண்டனர் அல்லது காணாமற் போயினர். கார் நிக்கோபாரும் கச்சால் தீவும் பேரிழப்பு அடைந்தன. கச்சாலிலே நிக்கோபாரி மக்களோடு நம் தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்து, ரப்பர்த் தோட்டத் தொழிலுக்காக அங்கே குடியேற்றப்பட்டவர்கள் அவர்கள். தேயிலையை விட்டு ரப்பருக்கு வந்தவர்கள். ஒரு கடலைத் தாண்டி மற்றொரு கடலுக்கு வந்தவர்கள். அவர்களுடைய உறவினர் சிலர் இவ்வவையிலே இருத்தல் கூடும். அவர்கள் முன்னிலையில் இதனை நான் நீட்டிப் பேச விரும்பவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். தமிழிலே 'கடல்கோள்' என்னும் சொல் இருக்கிறது. குமரி மலையையும் பஃறுளி ஆற்றையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. சங்கங்கள் இருந்த ஊர்களையே கடல் கொண்டது என்று உரையாசிரியர்கள் எழுதி வைத்தார்கள். தமிழ்ச் சங்க மேடைகளில் இவற்றைப் பெருமையோடு எத்தனை முறை பேசியிருப்போம்! அப்படிப்பட்ட நாம், 2004ஆம் ஆண்டிலே நிலம் நடுங்கிய பின் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதை அறியாமல் போனோம். நாகப்பட்டினத்திலும் அறியவில்லை, இங்கும் அறியவில்லை. சொல் இருந்தது, சொல்லுக்குள் இருக்க வேண்டிய அறிவு இல்லை.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. நிலநடுக்கத்தின் தோற்றுவாய்க்கு மிக அருகிலே, இந்தோனேசியாவைச் சேர்ந்த சிமெலுவே என்னும் தீவு உள்ளது. 1907ஆம் ஆண்டிலே அத்தீவைப் பேரலை ஒன்று அழித்தது. தப்பிப் பிழைத்தவர்கள் அதற்குத் தம் மொழியிலே 'ஸ்மோங்' என்று பெயரிட்டார்கள். நிலம் நெடுநேரம் நடுங்கினால், கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓட வேண்டும் என்று தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு கழிந்து 2004ஆம் ஆண்டிலே அதே அலை வந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த அத்தீவிலே இறந்தவர் ஏழு பேரே என்று கணக்கிட்டார்கள். அங்கே பல்கலைக் கழகமும் இல்லை. எச்சரிக்கைக் கருவியும் இல்லை. பாட்டிமார்கள் இருந்தார்கள். நம் சிறிய அந்தமானிலே வாழும் ஓங்கே மக்களும் அன்று மேட்டு நிலத்திற்குச் சென்று உயிர் பிழைத்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அப்படியானால் பல்கலைக் கழகம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பாட்டியின் நினைவு அவள் கண்டதையும் அவள் பாட்டி சொன்னதையும் எட்டும். அதற்கு அப்பால் எட்டாது. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாரின் அருகே பெரு நிலநடுக்கம் ஒன்று நேர்ந்தது. அதனால் எழுந்த அலை, சிறியதே ஆயினும், சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களின் நீர்மட்டக் கருவிகளிலே பதிவாகியது. ஆள் சேதம் விளைவிக்காத அலை ஆதலின் எந்தத் தாலாட்டிலும் அது இடம் பெறவில்லை. ஏட்டிலே மட்டும் இருந்தது. நிக்கோபாரிலே நிலம் நடுங்கினால் தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வரும் என்பதற்கு 1881லேயே சான்று இருந்தது! அச்சான்றைத் தேடி எடுத்துக் கணக்கிடுவதற்குக் கற்றவர் வேண்டும். கற்றவர் கண்டதைக் கரையோரக் குடிசைக்குக் கொண்டு செல்லப் பாட்டி வேண்டும். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒரு மொழி வேண்டும்.

அந்தப் பேரழிவுக்குப் பின், பல்கலைக் கழகம் நம் நகரிலுள்ள தன் கிளையிலே பேரிடர் மேலாண்மைக்கு என்று ஒரு துறையை அமைத்தது. கடலோரப் பேரிடர்களை முதுகலைப் பாடமாகவே அங்கே கற்பிக்கிறார்கள். எங்கே அழிவு நேர்ந்ததோ அங்கேயே அவ்வழிவைப் படிக்கும் துறையை அமைத்தது அறிவுடைமை. காலாப்பட்டிலே எழுந்த எந்த மாடமாளிகையையும்விட இதுவே அக்கழகத்தின் பெரிய வளர்ச்சி என்று நான் கருதுகிறேன். 2007ஆம் ஆண்டிலே ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. அங்கிருந்து செய்தி சில நிமிடங்களிலே வந்துவிடும். ஆனால் நிக்கோபாரின் அருகே நிலம் பிளந்தால், அத்தீவினருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களிலே சங்கொலி கேட்டவன் என்ன செய்வான் என்பது அவன் முன்பே கற்றதைப் பொறுத்தது. அவன் கற்பது எந்த மொழியிலே? அங்கேதான் என் கவலை பிறக்கிறது.

2011ஆம் ஆண்டின் மக்கட் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளியும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் நிக்கோபாரியும் பேசுவோர் மற்றையோர். முதுகலை மாணவர் ஆங்கிலத்திலே கட்டுரை எழுதுகிறார். அது வெளிநாட்டு ஏட்டிலே வெளிவருகிறது. அவருக்குப் பட்டம் கிடைக்கிறது. சிப்பிகாட்டிலே வயலை இழந்தவருக்கு அக்கட்டுரை எப்போது கிடைக்கும்? அதனைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம் அல்லவா? ஒரே பல்கலைக் கழகத்திலே காலாப்பட்டில் தமிழ்ப் புலம் இருக்கிறது. புரூக்ஷாபாத்தில் கடல் துறை இருக்கிறது. இடையே இருப்பது மூன்று நாள் கப்பல் பயணம் மட்டுமே. தமிழ் ஆராயும் மாணவர் ஒருவரும் பேரிடர் ஆராயும் மாணவர் ஒருவரும் சேர்ந்து கச்சால் தமிழர்களின் நினைவுகளை எழுதி எடுத்தால், அது எந்தத் துறையின் சாதனை? இரண்டுக்கும் உரியது என்று வைத்துக்கொள்ளலாமே!

தூரம் ஒரு தடை என்று இனிச் சொல்லவும் முடியாது. முன்பெல்லாம் இங்கே வலைத்தொடர்பு செயற்கைக்கோளை நம்பி இருந்தது. ஒரு படம் இறங்குவதற்குள் தேநீர் ஆறிவிடும். 2020 ஆகஸ்டு 10 அன்று, சென்னையிலிருந்து கடலடியே 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இட்ட கண்ணாடி இழை வடம் நம் தீவுகளை இணைத்தது. நோய்க்கு அஞ்சி வகுப்பறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த அதே ஆண்டு! அதனால் விளைந்த நன்மையை அப்போது வீட்டிலிருந்து படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பிற வளர்ச்சிகளையும் சுருக்கமாகக் கூறி விடுகிறேன். 1990இல் மாயாபந்தரிலே மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி தோன்றியதால், வட அந்தமான் பிள்ளைகள் நகருக்கு வந்து விடுதி தேடும் தொல்லை குறைந்தது. பகர்காவிலே பலதொழிற் பள்ளியாகத் தொடங்கிய அம்பேத்கர் தொழில் நுட்பக் கழகம் பொறியியல் பட்டம் வரையில் உயர்ந்தது. 2015ஆம் ஆண்டிலே ஜி. பி. பந்த் மருத்துவமனையைத் துணையாகக் கொண்டு மருத்துவக் கல்லூரியும் வந்தது. இத்தீவிலே பிறந்து, இத்தீவிலே படித்து, இத்தீவிலேயே மருத்துவராகலாம் என்பது நம் தந்தையர் கனவிலும் காணாதது. இவை எல்லாம் புதுவைப் பல்கலைக் கழகத்தின் குடைக்கீழ் வளர்ந்தவை.

இப்போது தீவுகளுக்கென்று தனிப் பல்கலைக் கழகம் வேண்டும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. அது எவ்வடிவிலே வர வேண்டும் என்பதில் மாணவர்களிடையிலும் பெற்றோர்களிடையிலும் கருத்து வேறுபாடு உண்டு. பாடத் திட்டமும் தேர்வும் கடலுக்கு அப்பால் முடிவாவதால் வரும் இடர்ப்பாடுகளை நான் மறுக்கவில்லை. புயலால் கப்பல் தாமதிக்கும்போது, அக்கரையிலே நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வேண்டிய பிள்ளையின் நெஞ்சம் படும் பாட்டை நம் வீடுகள் அறியும். தனிப் பல்கலைக் கழகம் வந்தால் மகிழ்வேன். ஆனால் ஒன்று சொல்வேன். மகன் தனிக்குடித்தனம் போகலாம். போகும்போது தாய் வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டு போகக் கூடாது. காலாப்பட்டின் நூலகமும் தமிழ்ப் புலமும் நமக்கு அயலானவை ஆகிவிடுமாயின் நாம் பெறுவதைவிட இழப்பது மிகும். நம் தலைநகரின் பெயர் 2024 செப்டம்பரிலே ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. ஆயினும் இன்னும் நம் வாயிலே போர்ட் பிளேர் என்றே வருகிறது. பழைய உறவும் அவ்வாறே எளிதிலே மாறாதிருக்கட்டும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவிற்கு என்னைப் போன்றவர்களை அழைப்பதை விட்டுவிட்டு, புரூக்ஷாபாத்திலே படிக்கும் மாணவர் ஒருவரை, தமிழ் அறிந்தவரை, அழையுங்கள். தாம் ஆராய்வதைத் தமிழிலே அரை மணி நேரம் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறுவார், சொல் கிடைக்காமல் ஆங்கிலத்திற்குத் தாவுவார். தாவட்டும்; நம் மீனவ நண்பர்கள் முன் வரிசையிலே அமர்ந்து, அந்த மீனுக்கும் அந்த நீரோட்டத்திற்கும் தாம் வழங்கும் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். அவ்வுரையை நம் மலரிலே அச்சிடுங்கள். ஒரு படியைக் காலாப்பட்டில் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்திற்கு அனுப்புங்கள். தபாற் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மற்றொன்று, இது தாய்மார்களுக்கு. உங்கள் மாமியாரோ தாயாரோ எந்த ஆண்டிலே, எந்தக் கப்பலிலே இங்கு வந்து இறங்கினார் என்பதை இன்றிரவே கேட்டு ஒரு தாளிலே எழுதி வையுங்கள். பர்மாவிலிருந்து வந்தவர், இலங்கையிலிருந்து வந்தவர், இராமநாதபுரத்திலிருந்து வந்தவர், யாராயினும் சரி. 2004ஆம் ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலே அவர் என்ன கண்டார், எந்தப் பக்கம் ஓடினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தாள்களை வாங்கி வைக்கச் சங்கச் செயலாளர் வாயிலருகே ஒரு பெட்டி வைப்பதாக எனக்கு வாக்களித்திருக்கிறார்.

சிறுவர்களின் நாடகத்திற்கு ஒப்பனை முடிந்துவிட்டது என்று திரைக்குப் பின்னாலிருந்து செய்தி வந்திருக்கிறது.